கூடங்குளத்தில் விபத்து என்றால் சாயல்குடிக்கு எப்படித் தெரியும்?

ராமநாதபுரம் கரையில் சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரைப் பக்கம் கூடங்குளம் அணு உலையைப் பற்றிப் பேச்சு வந்தால், "அங்க ஏதாவது ஆச்சுன்னா நாம எங்க ஓடுறது?" என்பதில்தான் போய் நிற்கும். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது: ஏதோ ஆகிவிட்டது என்று நமக்கு எப்படித் தெரியும்? புயல் வருகிறது என்றால் கடலும் காற்றுமே பாதி சொல்லிவிடும். கதிர்வீச்சுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, உடம்பில் பட்டால் சுடுவதும் இல்லை. கருவி சொன்னால்தான் உண்டு. அந்தக் கருவிகளை நாடு முழுக்க நட்டு வைத்து இரவு பகலாக அளப்பதும், அளவு மாறினால் யார் யாருக்குச் சொல்வது, யார் முடிவெடுப்பது, மக்கள் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைத்து ஒத்திகை பார்ப்பதும்தான் கதிர்வீச்சுக் கண்காணிப்பும் அவசரநிலை மேலாண்மையும்.

உலை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் இங்கே நான் போகவில்லை. எந்தப் பக்கம் நிற்பவருக்கும் இந்த ஏற்பாடு தெரிந்திருக்க வேண்டும். ராமநாதபுரம் கரையில் இருப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பேன். காரணம் நாம் இருக்கும் தூரம். உலைக்குப் பக்கத்து ஊர்களுக்கு அதிகாரிகள் வந்து சொல்லிக்கொடுக்கிறார்கள், ஒத்திகை நடத்துகிறார்கள். நம்முடைய ஊர்கள் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. ஆனால் காற்றுக்கும் மீனுக்கும் அந்த வட்டம் தெரியாது.

கூடங்குளம் இருப்பது திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் தாலுகாவில். தலா 1000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகளில் முதலாவது 2013-லும் இரண்டாவது 2016-லும் மின்சாரம் கொடுக்கத் தொடங்கின. இன்னும் நான்கு உலைகளுக்கு அங்கேயே வேலை நடக்கிறது. நேர்கோட்டில் அளந்தால் அங்கிருந்து சாயல்குடிக்கு 130 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும், ராமேஸ்வரத்துக்கு 200-ஐத் தாண்டும். வடக்கே கல்பாக்கம் நமக்கு 300 கிலோமீட்டருக்கும் அப்பால். இந்தியாவில் ஓர் அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரைதான் அவசரகாலத் திட்டப் பகுதி. மக்களை வெளியேற்றுவது, அயோடின் மாத்திரை விநியோகம் எல்லாம் அந்த வட்டத்துக்குள் ஊர் ஊராகத் திட்டமிடப்படும்.

எது நம்மிடம் வந்து சேரும்?

கதிர்வீச்சு வேறு, கதிரியக்கப் பொருள் வேறு. உலைக்குள் இருக்கும் எரிபொருளில் இருந்து கிளம்பும் காமா கதிர் காற்றிலேயே வலுவிழந்துவிடும். ஒரு கிலோமீட்டர் தாண்டுவதே கடினம். கூடங்குளத்துக் கதிர் நேராகப் பாய்ந்து வாலிநோக்கத்தில் ஒருவர் மேல் படும் என்பது நடக்காத காரியம். வரக்கூடியது அந்தக் கதிரை வெளியிடும் பொருள்: நுண்ணிய துகளாகவோ வாயுவாகவோ காற்றில் ஏறி, காற்று போகும் பக்கம் போய், மழையோடு மண்ணில் இறங்கும் பொருள்.

அந்தப் பொருள் வெளியே வருவதற்கு எரிபொருள் சேதமாக வேண்டும். உலையை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அணுப்பிளவு நிற்கும், சூடு நிற்காது. எரிபொருளுக்குள் சேர்ந்திருக்கும் கதிரியக்கப் பொருள்கள் நாள்கணக்கில், மாதக்கணக்கில் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் நின்ற உலைக்கும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நிலம் நடுங்கியதும் உலைகள் தாமாகவே நின்றன. பின்னால் வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது, பம்புகள் நின்றன, மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் கல்பாக்கத்திலும் கடல்நீர் பம்ப் அறைக்குள் புகுந்தது. ஆனால் அங்கே ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்த முடிந்தது, குளிர்விக்கும் வேலையும் தடைபடவில்லை.

அப்படி உருகினால் வெளியேறுகிறவற்றில் மூன்று பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும். செனான்-133 ஒரு வாயு. எதிலும் ஒட்டாது, காற்றோடு கடந்து போய்விடும். அயோடின்-131 எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகக் குறையும், இரண்டு மூன்று மாதத்தில் ஏறக்குறைய இல்லாமலே போகும். ஆனால் அதற்குள் பால் வழியாகக் குழந்தைகளின் தைராய்டு சுரப்பியில் போய்ச் சேர்ந்துவிடும் என்பதுதான் ஆபத்து. சீசியம்-137 பாதியாவதற்கு 30 ஆண்டு பிடிக்கும். மண், மீன், காட்டுக் காளான் என்று பல ஆண்டுகள் தலைவலி கொடுப்பது அதுதான்.

இயல்பான அளவு என்று ஒன்று உண்டு

கதிரியக்கப் பொருளின் அளவைச் சொல்ல பெக்கரல் என்ற அலகு. ஒரு நொடியில் ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல். மனித உடம்பில் எவ்வளவு படுகிறது, அதனால் என்ன பாதிப்பு என்பதைச் சொல்ல சீவர்ட். ஒரு சீவர்ட் மிகப் பெரிய அளவு என்பதால் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிசீவர்ட்டையும், பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோசீவர்ட்டையும்தான் வழக்கத்தில் சொல்வார்கள். செய்தியில் ஓர் எண் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது மில்லியா மைக்ரோவா என்பதை. அப்புறம் மணிக்கா ஆண்டுக்கா என்பதை. இந்த இரண்டையும் விட்டுவிட்டு எண்ணை மட்டும் பரப்புவதால் வந்த பீதிதான் ஃபுகுஷிமா சமயத்தில் உலகம் முழுக்கச் சுற்றியது.

விபத்தே இல்லாத நாளிலும் கருவி பூஜ்யம் காட்டாது. மண், பாறை, கட்டடம், விண்வெளி, நாம் சாப்பிடும் சாப்பாடு, எல்லாவற்றிலும் இருந்து கொஞ்சம் வருகிறது. பொதுவாகப் பல ஊர்களில் மணிக்கு 0.05 முதல் 0.2 மைக்ரோசீவர்ட் வரை இருக்கும். மணிக்கு 0.1 என்று வைத்து ஓராண்டின் 8,760 மணி நேரத்தால் பெருக்கினால் 876 மைக்ரோசீவர்ட், அதாவது ஒரு மில்லிசீவர்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. மூச்சோடு போகும் ரேடான் வாயு, உணவு எல்லாம் சேர்த்து உலக சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். ஒரு தடவை வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தால் 7 முதல் 10 மில்லிசீவர்ட் வரை சேரும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவராவிலும் கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் என்ற கனிமம் இருப்பதால் அங்கே இயற்கை அளவே பல மடங்கு கூட. மணவாளக்குறிச்சி மணலில் கருவியை வைத்துப் படம் எடுத்து, கூடங்குளத்தில் கசிவு என்று எழுதினால் படம் உண்மையாக இருக்கும், செய்தி பொய்யாக இருக்கும்.

நம் மீனிலும் இயற்கையாகக் கதிரியக்கம் உண்டு. கடல் உணவு வழியாக நமக்கு வரும் கதிர்வீச்சில் பெரும்பங்கு பொலோனியம்-210 என்ற இயற்கைப் பொருளில் இருந்து வருகிறது. அது உலைக்கு முன்பும் இருந்தது. அதனால்தான் அணுமின் நிலையம் அமையும் ஒவ்வோர் இடத்திலும், உலை ஓடத் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஒரு சுற்றுச்சூழல் ஆய்வகத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். சுற்றுவட்டாரத்தில் 30 கிலோமீட்டர் வரை மண், குடிநீர், கடல்நீர், பால், காய்கறி, மீன் என்று மாதிரி எடுத்து அளந்து பதிவு செய்கிறார்கள். உலை ஓடுவதற்கு முன் என்ன இருந்தது என்ற கணக்கு கையில் இருந்தால்தான், பிறகு கூடியதா இல்லையா என்று சொல்ல முடியும்.

கருவிகளின் வலை

நாடு தழுவிய வலையின் பெயர் இந்தியச் சுற்றுச்சூழல் கதிர்வீச்சுக் கண்காணிப்பு வலையமைப்பு. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. அணுமின் நிலையங்களைச் சுற்றியும் நகரங்களிலுமாகப் பல நூறு கருவிகள். கதிரை எண்ணும் கைகர் குழாய் பொருத்திய சாதனம், மேலே சூரியத் தகடு, அளவை அனுப்ப ஒரு தொடர்பு வசதி. ஆள் இல்லாமலே காமா அளவை எடுத்து மைய நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இது போக, தேவைப்பட்டால் ஹெலிகாப்டரில் கருவியை ஏற்றிப் பறந்து தரையில் எங்கே எவ்வளவு படிந்திருக்கிறது என்று வரைபடம் எடுக்கவும் வசதி இருக்கிறது.

ஆனால் எண் கூடியது என்றவுடன் விபத்து என்று பொருளில்லை. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் கண்காணிப்பின் கெட்டிக்காரத்தனமே இங்கேதான் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் மண்டபத்தில் நல்ல மழை கொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வெளியே ஒரு கருவி இருந்தால் அதன் அளவு சட்டென்று ஏறும். மண்ணில் இருந்து எப்போதும் கசிந்துகொண்டிருக்கும் ரேடான் வாயு காற்றில் சிதைந்து ஈயம்-214, பிஸ்மத்-214 என்ற துகள்களாக மிதக்கும். மழை அவற்றைக் கழுவித் தரையில் இறக்கிவிடும், அதனால் தரையோரத்தில் காமா கூடும். இரண்டும் அரை மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைபவை. மழை விட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் எண் பழைய இடத்துக்கே வந்துவிடும். விபத்தில் வந்த சீசியம் அப்படி இறங்காது, ஏறிய இடத்திலேயே நிற்கும்.

அதனால் கண்காணிப்பவர்கள் ஓர் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. மழை பெய்கிறதா? பக்கத்துக் கருவிகளும் ஏறுகின்றனவா? காற்று போகும் திசையில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகின்றனவா? சந்தேகம் தீரவில்லை என்றால் காற்றை ஒரு வடிதாளின் வழியாக உறிஞ்சி, அதில் ஒட்டியதை ஜெர்மேனியம் கருவியில் வைத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு கதிரியக்கப் பொருளும் தனக்கென்று ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் கதிரை வெளியிடும். பிஸ்மத்தா அயோடினா என்று அந்தக் கருவி பெயரையே சொல்லிவிடும். அயோடின்-131 இருந்தால் மழை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

1986-இல் உலகத்துக்குச் செர்னோபில் தெரியவந்ததே இப்படித்தான். ஏப்ரல் 26 அதிகாலை உலை வெடித்தது. சோவியத் அரசு வாய் திறக்கவில்லை. 28-ஆம் தேதி காலை, ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர் தள்ளி, சுவீடனின் ஃபார்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு ஊழியரின் காலணி கருவியை அலற வைத்தது. தங்கள் உலையில்தான் கசிவு என்று முதலில் தேடினார்கள். அப்புறம் காற்றின் திசையைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, கிழக்கே எங்கோ நடந்திருக்கிறது என்று கண்டுகொண்டார்கள். அன்று இரவுதான் மாஸ்கோ ஒப்புக்கொண்டது. மறைப்பதற்கு ஒரு அரசு எவ்வளவு முயன்றாலும், பக்கத்து நாட்டின் கருவிகள் காட்டிக் கொடுத்துவிடும். அதே ஆண்டு செப்டம்பரில், எல்லை தாண்டிப் பாதிக்கக்கூடிய அணு விபத்தை உடனே தெரிவிக்க வேண்டும் என்ற சர்வதேச ஒப்பந்தம் உருவானது. இந்தியாவும் அதில் இருக்கிறது. தகவல் போய்ச் சேரும் இடம் வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமை. தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர்தான் என்பதால் இலங்கைக்கும் இதில் அக்கறை உண்டு. இரு நாடுகளும் 2015 பிப்ரவரியில் செய்துகொண்ட அணுசக்தி ஒத்துழைப்பு உடன்பாட்டில் கதிர்வீச்சுப் பேரிடரைச் சமாளிப்பதும் ஓர் அம்சம்.

காற்றை நம் கரைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவத்தில், கச்சானும் சோழகமும் வீசும் மாதங்களில் கூடங்குளத்தில் இருந்து கிளம்பும் காற்று மன்னார் வளைகுடாவின் மேலாக வடகிழக்கே, நம் பக்கமாக வர வாய்ப்பு அதிகம். வடகிழக்குப் பருவமான வாடைக் காலத்தில் அது நம்மை விட்டு விலகி மேற்கேயும் தெற்கேயும் போகும். இதோடு பகலில் கடல்காற்று, இரவில் நிலக்காற்று என்று தினமும் திசை மாறுவதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இதற்காகவே ஒரு கணினி முறையை உருவாக்கியிருக்கிறது. அன்றைய வானிலையை எடுத்துக்கொண்டு, வெளியேறிய பொருள் அடுத்த சில மணி நேரங்களில் எந்தத் திசையில் எவ்வளவு பரவும் என்று வரைபடமாகக் காட்டும். போகப் போகக் காற்றில் கலந்து நீர்த்துப்போவதும் அந்தக் கணக்கில் உண்டு. 130 கிலோமீட்டர் தாண்டி வரும்போது அளவு மிகவும் குறைந்திருக்கும், மழை பெய்யும் இடத்தில் மட்டும் திட்டுத் திட்டாகக் கூடுதலாகப் படியும். செர்னோபில் சமயத்தில் ஐரோப்பாவில் நடந்ததும் அதுதான்.

யார் முடிவெடுப்பது?

அணு நிலையத்தின் அவசரநிலை மூன்று படி. ஆலைக்குள் அடங்குவது, வளாகத்துக்குள் அடங்குவது, வளாகத்தைத் தாண்டுவது. முதல் இரண்டையும் நிலைய நிர்வாகமே பார்த்துக்கொள்ளும். மூன்றாவதில் பொறுப்பு மாவட்ட ஆட்சியர் கைக்குப் போய்விடும். வெளியேறச் சொல்வதா வீட்டுக்குள் இருக்கச் சொல்வதா, மாத்திரை கொடுப்பதா என்று உத்தரவிடுவது அவர்தான். நிலையம் அளவைச் சொல்லும், ஆட்சியர் முடிவைச் சொல்வார். மும்பையில் அணுசக்தித் துறையின் நெருக்கடி மேலாண்மைக் குழு 24 மணி நேரமும் தொடர்பில் இருக்கும். 1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் மேற்பார்வை செய்யும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009-இல் இதற்கென்று தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆள்பலத்துக்கு, புயலுக்கு நம் ஊருக்கு வரும் அதே அரக்கோணம் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர்தான். அவர்களுக்குக் கதிரியக்கச் சூழலில் வேலை செய்யவும் பயிற்சி உண்டு.

முடிவுகள் எண்ணைப் பார்த்து எடுக்கப்படும் என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். சர்வதேச அணுசக்தி முகமையின் வழிகாட்டுதலில் தரையில் இருந்து ஒரு மீட்டர் உயரத்தில் மணிக்கு 1,000 மைக்ரோசீவர்ட் என்றால் உடனே வெளியேற வேண்டும். 100 என்றால் அவசரமாக ஓட வேண்டாம், ஏற்பாடு செய்துகொண்டு தற்காலிகமாக இடம் மாற வேண்டும். இயல்புக்கு மேல் 1 என்றால் யாரும் எங்கும் போக வேண்டியதில்லை, சோதித்து முடிக்கும் வரை அந்த ஊர்ப் பால், கீரை, மழைநீர் மட்டும் வேண்டாம். நம் தூரத்தில் உள்ளவர்கள் முக்கியமாக மனதில் வைக்க வேண்டியது இந்த மூன்றாவது எண்ணைத்தான்.

இன்னொரு எண்ணையும் தொலைக்காட்சியில் சொல்வார்கள்: 'ஏழாம் நிலை விபத்து'. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்ணைப் போல இதையும் நினைத்துக்கொள்வது இயல்பு. ஆனால் கூண்டு எண் வரப்போகும் ஆபத்தைச் சொல்வது. அதைப் பார்த்துப் படகைக் கட்டலாம். அணு விபத்துக்கான 0 முதல் 7 வரையிலான சர்வதேச அளவுகோல் நடந்துவிட்ட சம்பவம் எவ்வளவு பெரியது என்று சொல்வது, ஒவ்வொரு படியும் முந்தியதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு. செர்னோபிலும் ஃபுகுஷிமாவும் 7. அந்த எண்ணை வைத்து நம் ஊரில் என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியாது. நம் ஊரில் அளந்த மைக்ரோசீவர்ட் எண்தான் வேண்டும்.

அணு அவசரநிலை என்றாலே உலைதான் என்றும் நினைக்க வேண்டாம். 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடை ஒன்றில் கோபால்ட்-60 கதிரியக்கப் பொருள் உடைக்கப்பட்டு ஒருவர் இறந்தார், பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் இருந்து ஏலத்தில் போன பழைய கருவி அது. மஞ்சள் பின்னணியில் மூன்று இறக்கை போன்ற குறி உள்ள கனமான பெட்டி எந்த எடைக்கடைக்கு வந்தாலும் தொடாமல் தள்ளி நின்று 112-க்குச் சொல்ல வேண்டும். இது ராமநாதபுரத்திலும் நடக்கக்கூடிய காரியம்.

நம் கையில் இருப்பது

புயல் நமக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறது: எச்சரிக்கை வந்தால் வீட்டை விட்டுக் கிளம்பு, மேட்டுக்குப் போ, பேரிடர் மையத்துக்குப் போ. கதிர்வீச்சில் முதல் வேலை அதற்கு நேர்மாறானது. உள்ளே போ, கதவு ஜன்னலை மூடு, ஏசி, வெளியேற்றும் விசிறி எதுவும் ஓட வேண்டாம். துகள் கலந்த காற்று கடந்து போகும் வரை சுவருக்குள் இருப்பவருக்குப் படும் அளவு சாலையில் பைக்கில் போகிறவரைவிட நன்றாகவே குறைவு. ஆனால் இது செங்கல், கான்கிரீட் வீட்டுக்குத்தான் பொருந்தும். ஓலைக் குடிசை தடுக்காது. கடற்கரைக் குப்பங்களில் குடிசையில் இருப்பவர்களுக்குப் பள்ளிக்கூடமோ பேரிடர் மையமோ நெருக்கத்தில் இருந்தால் அங்கே போவதுதான் சரி. வெளியே இருந்து வந்தவர் மேல் உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டி வைத்துவிட்டுக் குளித்தால், ஒட்டிய துகளில் பெரும்பகுதி போய்விடும்.

அவசரமாக ஓடுவதற்கும் ஒரு விலை உண்டு. ஃபுகுஷிமாவில் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் படுத்த படுக்கையாக இருந்தவர்களைப் போதிய ஏற்பாடு இல்லாமல் பேருந்தில் ஏற்றிக் கொண்டுபோனதில் பலர் வழியிலும் பிறகும் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது கதிர்வீச்சு இல்லை. நம் ஊரில் வயதானவர்களை வைத்துக்கொண்டு, யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நம்பி ராத்திரியோடு மதுரைக்குக் கிளம்பும் குடும்பங்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070, வானொலி, ஆட்சியர் அலுவலக அறிவிப்பு ஆகிய இவற்றில் ஒன்று சொல்லும் வரை உள்ளே இருப்பதே பாதுகாப்பு.

அயோடின் மாத்திரையைப் பற்றி நிறையத் தவறான பேச்சு இருக்கிறது. பொட்டாசியம் அயோடைடு மாத்திரை தைராய்டு சுரப்பியைச் சாதாரண அயோடினால் நிரப்பிவிடும், கதிரியக்க அயோடினுக்கு அங்கே இடம் இருக்காது. அவ்வளவுதான் அதன் வேலை. சீசியத்தையோ வேறு எதையுமோ அது தடுக்காது. பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம், குழந்தைகளுக்கு வயதுக்கேற்பக் குறைவு. காற்று வருவதற்குச் சற்று முன்போ வந்த சில மணி நேரத்துக்குள்ளோ போட்டால்தான் பலன். அதிகாரிகள் சொல்லாமல் போடக் கூடாது, தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்குத் தொல்லை தரும். 2011-இல் சீனாவில் ஜனங்கள் அயோடின் உப்பை மூட்டை மூட்டையாக வாங்கிக் குவித்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கடையில் விற்கும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தபட்சம் 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு மாத்திரையில் சுமார் 100 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. அந்த அளவுக்கு ஆறு கிலோவுக்கு மேல் உப்பைத் தின்ன வேண்டும். உயிர் போய்விடும். காயத்துக்குப் போடும் அயோடின் டிஞ்சரைக் குடிப்பதும் அதே போல ஆபத்து.

நம் தூரத்துக்கு உண்மையான வேலை சாப்பாட்டில்தான் இருக்கிறது. செர்னோபிலைச் சுற்றிய பகுதிகளில் பின்னாளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்ததற்கு முக்கியக் காரணம் பால். புல்லில் அயோடின் படிந்தது, மாடு மேய்ந்தது, பால் குழந்தைக்குப் போனது. சில வாரம் அந்தப் பாலை நிறுத்தியிருந்தால் பெருமளவு தவிர்த்திருக்கலாம். அறிவிப்பு வந்தால் நம் ஊரில் அதற்குச் சமமான வேலைகள் எளியவை. ஆட்டையும் மாட்டையும் மேயவிடாமல் கட்டி, மூடி வைத்த வைக்கோலைப் போடுவது. ஊருணித் தண்ணீரையும் கூரையில் இருந்து பிடித்த மழைநீரையும் விட்டுவிட்டு மூடிய தொட்டித் தண்ணீரையும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் எடுப்பது. கரையில் விரித்துக் காயும் கருவாட்டையும் களத்தில் காயும் முண்டு மிளகாயையும் அள்ளி உள்ளே வைப்பது. குழந்தைக்குப் பால் பவுடர் கொடுப்பது. கடலில் இருக்கும் படகுகளுக்கு வயர்லெஸ்ஸில் எந்தப் பக்கம் கரை ஏற வேண்டும் என்று சொல்ல வேண்டும். மீன்வளத் துறை டோக்கன் கொடுத்து அனுப்பும் விசைப்படகுகளின் கணக்கு அரசிடம் இருக்கிறது. நாட்டுப்படகுகளுக்கு அந்த வசதி பெரும்பாலும் ஊர்த் தலைவரின் செல்போன்தான்.

மீனை யார் அளப்பது?

கரைக்காரர்களுக்கு மிகப் பெரிய அடி சந்தையில்தான் விழும். கடலில் ஒரு துளி சீசியம் கலக்காவிட்டாலும், கூடங்குளத்தில் ஏதோ நடந்ததாம் என்ற பேச்சு கிளம்பிய மறுநாள் ராமேஸ்வரத்து நண்டும் கணவாயும் விலை போகாது. ஃபுகுஷிமா மீனவர்கள் இதை அனுபவித்தார்கள். ஜப்பான் அரசு 2012 ஏப்ரலில் உணவுக்கான வரம்பைக் கிலோவுக்கு 100 பெக்கரல் சீசியம் என்று வைத்தது. ஃபுகுஷிமா மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் தங்களுக்குத் தாங்களே அதில் பாதியை, 50 பெக்கரலை வரம்பாக வைத்துக்கொண்டன. 2012 ஜூனில் சோதனை முயற்சியாகக் கடலுக்குப் போனபோது பேய்க்கணவாயும் (ஆக்டோபஸ்) ஒரு வகைச் சங்கும் மட்டுமே பிடித்தார்கள். அவற்றின் உடம்பில் சீசியம் தங்காது, சீக்கிரம் கழிந்துவிடும். கடலடியில் திரியும் மீன்களில்தான் அது நீண்ட நாள் தங்கியது. இறங்குதளத்திலேயே கருவி வைத்து, அளந்து, வரம்புக்குள் இருக்கும் வகைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். அந்தச் சோதனை மீன்பிடி 2021 மார்ச் வரை நீண்டது. வாங்குபவர் நம்பிக்கையை அவர்கள் மீட்டது விளம்பரத்தால் இல்லை, ஒவ்வொரு நாளும் வெளியிட்ட எண்ணால்.

நம் கரையில் இதற்கு முன்கூட்டியே செய்து வைக்கக்கூடியது ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். வடகடலிலும் (பாக் நீரிணைப் பக்கம்) தென்கடலிலும் (மன்னார் வளைகுடா) பிடிபடும் சூடை, சீலா, திருக்கை, நண்டு, கணவாய் ஆகியவற்றை ஆண்டுக்கு இரண்டு முறையாவது, கச்சான் காலத்தில் ஒன்றும் வாடைக் காலத்தில் ஒன்றுமாக அளந்து, சீசியம் எவ்வளவு, இயற்கைப் பொலோனியம் எவ்வளவு என்று தமிழில் வெளியிட வேண்டும். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், மாறும்போது தண்ணீர் வரும் திசையும் மாறுவதால் இரண்டு பருவமும் தேவை. ஜெர்மனியில் நாடு முழுக்க உள்ள சுமார் 1,700 காமா கருவிகளின் அளவை யார் வேண்டுமானாலும் வீட்டில் இருந்தே பார்க்கலாம். அதே போலக் கீழக்கரையிலும் பாம்பனிலும் மீன் ஏலக்கூடத்துச் சுவரில் அன்றைய காமா எண் ஒன்று எழுதிப் போட்டால் என்ன? நல்ல நாளிலேயே 0.1 என்ற எண்ணைப் பார்த்துப் பழகிய மீனவர், மழையில் அது 0.15 ஆனால் பதற மாட்டார். 5 ஆனால் யாரும் சொல்லாமலே கேள்வி கேட்பார்.

ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் இதை எழுத்தாகக் கொடுக்கலாம். கேட்க வேண்டியவை நான்கு: ராமநாதபுரம் மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் கதிர்வீச்சுக்கான பகுதி என்ன சொல்கிறது, மாவட்டத்துக்கு மிக அருகில் உள்ள காமா கருவி எங்கே இருக்கிறது, அதன் அளவை நாங்கள் எப்படிப் பார்ப்பது, அவசரம் என்றால் எங்கள் மீனின் மாதிரியை எந்த ஆய்வகம் எத்தனை நாளில் அளந்து சான்று தரும்.